வீட்டில் அழைக்கும் பெயர்

பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை

அம்மணிக்கு,

இங்கே நான் சுகம். அங்கே நீங்கள் இருவரும் சுகமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

நீ அனுப்பிய உறை வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. கையெழுத்தைப் பார்த்ததுமே யாருடையது என்று தெரிந்துவிட்டது. பிரித்தால் பள்ளிக்கூட விண்ணப்பம் ஒன்று மட்டும் இருக்கிறது. உறையைக் கவிழ்த்து உதறினேன். விளக்குக்கு நேரே பிடித்தும் பார்த்தேன். பிள்ளையோடு வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம் கழித்து ஒரு தபால் போடுகிறவள், "எப்படி இருக்கிறீர்கள்" என்று ஒரு வரி எழுதினால் கையா தேய்ந்துவிடும்? எல்லாக் கட்டத்தையும் நீயே நிரப்பிவிட்டு, தகப்பனார் கையொப்பம் என்ற இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டிருக்கிறாய். தையல்காரி புத்தி போகுமா? வெட்ட வேண்டிய இடத்தில் குறி போட்டுத்தானே உனக்குப் பழக்கம்.

கையெழுத்து போட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. யோசிக்க வேண்டும் என்கிறேன். முப்பதாம் தேதிதான் கடைசி நாள் என்று மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். அவசரமில்லை.

நடந்ததை நீ மறந்திருப்பாயோ என்பதற்காகச் சொல்கிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்தப் புகைப்படக்காரனோடு நீ போனாய். ஏழு மாதம். பிறகு அவன் உன்னை விட்டுவிட்டான் என்று தெரிந்ததும் என் அண்ணனும் போதகரும் போய் உன்னை அழைத்துக்கொண்டு வந்தார்கள். வாசற்படி ஏறுவதற்கு முன்னாலேயே நீ நின்றுகொண்டு, "வயித்துல பிள்ளை இருக்கு. உங்களது இல்ல. வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க, இப்படியே திரும்பிடறேன்" என்றாய். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். தெருவில் பாதி ஜன்னல்கள் திறந்திருந்தன. நான் என்ன சொன்னேன்? "உள்ளே வா" என்றேன். வேறு எவனாவது சொல்லியிருப்பானா? நெஞ்சைத் தொட்டுச் சொல்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதகர் ஒரு தீர்க்கதரிசியைப் பற்றிப் பேசினாரே, நினைவிருக்கிறதா? மனைவி வேறு ஒருவனோடு போன பிறகும் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டவன். தன்னை மறந்து வேறு தெய்வங்கள் பின்னால் போன ஜனத்தைக் கடவுள் விடாமல் நேசிக்கிறார் என்பதற்கு அவன் வாழ்க்கையே அடையாளம் என்றார். பேசும்போது என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார். முடிந்ததும் எத்தனை பேர் வந்து என் கையைப் பிடித்தார்கள் தெரியுமா? "பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றார்கள். நீ பக்கத்திலேயே நின்றாய்.

இப்போது அதே தீர்க்கதரிசியை நான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஒலி நூலகத்தில் இந்த வருஷம் எபிரேயத் தீர்க்கதரிசிகள் எல்லாரையும் ஒலிப்பதிவு செய்து, கண் தெரியாதவர்களுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. போன வருஷம் முழுக்க வேதியியல் பாடப் புத்தகமும் வீட்டு வரிச் சட்டமும் படித்த வாய்க்கு இது பெரிய பதவி உயர்வு. அறை அதே அறைதான். எதிரொலி வராமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியது, மின்விசிறி போடக் கூடாது, கஞ்சி போட்ட சட்டை சரசரக்கும் என்பதால் நைந்த சட்டை, செருப்பை வெளியே விட வேண்டும், பால் குடித்தால் தொண்டை கட்டும் என்பதால் வெந்நீர் மட்டும். வயிறு சத்தம் போட்டால்கூட அந்த மைக் பிடித்துக்கொள்ளும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர் இருக்கிறார். வெட்டுவதில் கை தேர்ந்தவர் என்பதால் எல்லாரும் அவரைக் கத்தரி என்றுதான் கூப்பிடுவோம். நான் தப்பாகப் படித்தால் பென்சிலால் மேஜையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு வாக்கியத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். அவர் அந்தத் தட்டலைத் தேடிப் பிடித்து, தப்பை வெட்டி எறிந்துவிடுவார். கேட்கிறவர்களுக்கு நான் தப்பே செய்யாதவன்.

கத்தரிக்கு வாய் கொஞ்சம் நீளம். சனிக்கிழமை வேலை முடிந்ததும், "சார், கடவுள் கோபப்படற இடமெல்லாம் பிரமாதமா படிக்கிறீங்க, எனக்கே பயமா இருக்கு. ஆனா அவர் அன்பா பேசற இடம் வந்தா மட்டும் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருக்கு" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இருபது வருஷமாகப் படிக்கிறவனுக்கு நேற்று வந்தவர் பாடம் எடுக்கிறார். எழுதியிருப்பதை எழுதியபடி படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

விண்ணப்பம் மேஜை மேல் இருக்கிறது. நீயாக ஒரு வார்த்தை எழுது, பிறகு பார்க்கலாம்.

இப்படிக்கு,
சட்டப்படி இன்னும் உன் கணவன்


இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை

தையல்காரிக்கு,

உன் பதில் வந்தது. "கையெழுத்து மட்டும் போதும். கதை வேண்டாம்." ஐந்தே வார்த்தை. தபால் தலை ஒட்டிய நேரத்தில் எழுதியிருப்பாய். பத்திரமாக வைத்திருக்கிறேன், இரண்டு வருஷத்தில் நீ எனக்கு எழுதியது இவ்வளவுதான்.

கதை வேண்டாம் என்றுதான் நீ சொன்னாய். ஆனால் இந்த வாரம் நடந்ததை யாரிடம் சொல்வது? அண்ணனிடம் சொன்னால் "உடம்புக்கு ஏதாவதா?" என்பான். போதகரிடம் சொன்னால் ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விடுவார். வீட்டில் சுவர்தான் இருக்கிறது. நீ என்னை ரேடியோ என்று கூப்பிடுவாயே, பால் பாக்கெட்டில் எழுதியிருப்பதைக்கூட நான் உரக்கப் படிக்கிறேன் என்று. "அந்த ரேடியோவைக் கொஞ்சம் நிறுத்துங்களேன், தையல் கோணலாப் போகுது" என்பாய். இப்போது யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. நானே நிறுத்திக்கொண்டேன். வீட்டில் என் குரல் கேட்டுப் பல நாள் ஆகிறது. தெருக்கோடி மருந்துக் கடையில் ஏதாவது கேட்கும்போது என் குரலே எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

அந்தத் தீர்க்கதரிசியை முழுவதும் படித்தேன். போதகர் அன்றைக்குச் சொன்னது பாதிதான். மற்ற பாதியை நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அவனுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு ரத்தம் சிந்திய ஓர் இடத்தின் பெயர். இரண்டாவது பெண். இரக்கம் கிடைக்காதவள் என்று அவளுக்குப் பெயர். மூன்றாவது பையனுக்கு, என் ஜனமில்லை என்றே பெயர். சோறு உண்ண வா என்று கூப்பிடுவதானால் வாசலில் நின்று "என் ஜனமில்லை, என் ஜனமில்லை" என்று கத்த வேண்டும். பெரியவர்கள் சண்டைக்குப் பிள்ளைகள் தலையில் பெயர். இதை எல்லாம் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரியே படித்து முடித்தேன்.

ஆனால் அடுத்த பக்கத்திலேயே கடவுள் அந்தப் பெயர்களைத் திருப்பிவிடுகிறார். இரக்கம் கிடைக்காதவளுக்கு இரக்கம் உண்டு, என் ஜனமில்லாதவன் என் ஜனம் என்கிறார். அப்புறம் அந்தத் தீர்க்கதரிசி தன் மனைவியைத் திரும்பக் கூட்டி வருகிறான். இந்த இடத்தில்தான் எனக்கு இடித்தது. அவன் தானே போகிறான். அண்ணனை அனுப்பவில்லை. போதகரை அனுப்பவில்லை. அவளை மீட்க விலையாகத் தன் கையில் இருந்த வெள்ளியையும் தானியத்தையும் எடுத்துக்கொண்டு, நாலு பேர் பார்க்க, அவள் இருந்த இடத்துக்கு அவனே நடந்து போகிறான். நான் அன்றைக்கு எங்கே இருந்தேன் தெரியுமா? கூடத்தில் நாற்காலியில் இருந்தேன். காலையிலேயே குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, நீ வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெட்டியைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தொண்டையில் நிற்கும். நீ திரும்பி வந்தபோது கொண்டுவந்த பச்சைப் பெட்டி. அன்றைக்கே நீ அதை உள்ளே எடுத்துப் போகப் பார்த்தாய். "அது அங்கேயே இருக்கட்டும்" என்றேன். ஏன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கூடத்தின் நடுவில் அது நாலு வருஷம் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் சுற்றிக்கொண்டு போனார்கள். எல்லாருக்கும் அது என்னவென்று தெரியும். உன்னை நான் அடித்ததில்லை, ஒரு நாள் ஒரு வார்த்தை தடித்துப் பேசியதில்லை. அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று. அந்தப் பெட்டி பேசிக்கொண்டிருந்தது.

குழந்தைக்கு மட்டும் அது பேருந்து. அதன் மேல் உட்கார்ந்து கைப்பிடியைத் திருப்பித் திருப்பி ஓட்டும். "இறங்கறவங்க இறங்குங்க" என்று கத்தும்.

வியாழக்கிழமை பதினோராம் அதிகாரம் வந்தது. கடவுள் புலம்புகிற இடம். இந்தப் பிள்ளைக்கு நடை பழக்கினவன் நான், கையைப் பிடித்துத் தூக்கினவன் நான், அது இவனுக்குத் தெரியாமல் போயிற்றே என்று. நல்ல குரலில்தான் ஆரம்பித்தேன். நடை பழக்கியது என்ற வார்த்தை வாயிலிருந்து போனதும் எனக்கு முன்னால் புத்தகம் இல்லை. நம் வீட்டுக் கூடம் இருந்தது.

நீ அன்று மெஷினில் உட்கார்ந்திருந்தாய், ஏதோ பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாய். நான் சுவர்க் கண்ணாடி முன்னால் சவரம் பண்ணிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து இரண்டு சின்னக் கை என் முழங்காலைப் பிடித்தது. பெட்டியைப் பிடித்து நின்றுகொண்டிருந்த பிள்ளை, கையை விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறது. முதல் நடை. உன்னிடம் வந்திருக்கலாம், நீ பக்கத்தில்தான் இருந்தாய். என்னிடம் வந்தது. கண்ணாடியில் என் முகம் மட்டும்தான் தெரிந்தது, பாதி நுரை, பாதி வழித்தது. நான் குனிந்து பார்க்கவில்லை. "கையில பிளேடு இருக்கு, இதை எடு" என்று உன்னைக் கூப்பிட்டேன். இதை. நீ மெஷினை நிறுத்திவிட்டு வந்து தூக்கிக்கொண்டு போனாய். உன் முகத்தில் இருந்த சந்தோஷம் போனதை நான் கண்ணாடியில் பார்த்தேன். பார்த்துவிட்டு மறு கன்னத்தை வழித்தேன்.

நேற்று அளந்து பார்த்தேன். பெட்டி இருந்த இடத்தில் தரை மட்டும் புதுசாகப் பளிச்சென்று இருக்கிறது, அதனால் தெரியும். அங்கிருந்து கண்ணாடி வரை பெரியவர்கள் நடையில் மூன்று அடி. பிள்ளைக்கு ஏழெட்டு அடி ஆகியிருக்கும்.

ஒலிப்பதிவு அறையில் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு அடுத்த வரியிலிருந்து படித்து முடித்தேன். பென்சிலால் தட்ட வேண்டும் என்பது மறந்தே போயிற்று. இருபது வருஷத்தில் ஒரு முறைகூட நான் மறந்ததில்லை. வெளியே வந்ததும் கத்தரி என் முகத்தைப் பார்க்காமல் வெந்நீர் எடுத்துக் கொடுத்தார்.

கடவுளுக்காவது புலம்ப உரிமை இருக்கிறது. நடை பழக்கினார், பிள்ளை மறந்துவிட்டது. உன் பிள்ளை மறப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது?

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட நேற்று பேனாவைத் திறந்தேன். கையெழுத்துக்கு மேலே ஒரு கட்டம் இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். "குழந்தையை வீட்டில் அழைக்கும் பெயர் (தகப்பனார் நிரப்புக)." எந்த மகராசன் இப்படி ஒரு கட்டத்தைப் போட்டானோ. பக்கத்தில் தாய் நிரப்பும் கட்டத்தில் நீ எழுதியிருந்ததைக் கையால் மறைத்துக்கொண்டேன், பார்த்தெழுதுகிற மாணவன் மாதிரி ஆகக் கூடாதென்று. அப்புறம் யோசித்து யோசித்துப் பார்த்தேன். நாலு வருஷம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்த பிள்ளையை நான் ஒரு பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. "ஏய்" என்றிருக்கிறேன். "இது" என்றிருக்கிறேன். பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

மக்கள் தொகைக் கணக்கெடுக்க ஆள் வந்த அந்த நாளைப் பற்றி நீ எழுதுவாய் என்று இரண்டு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேன். நீ எழுதவே இல்லை. நான்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது. இன்றைக்கு முடியவில்லை.

இப்படிக்கு,
(ரேடியோ என்று போட நினைத்தேன். தகுதி வந்த பிறகு போடுகிறேன்.)


இருபத்தாறாம் தேதி, திங்கட்கிழமை

ஊசிக்கு,

உன்னை இப்படிக் கூப்பிட்டு ஏழு வருஷம் ஆகிறது. உன் வாயும் அப்படி, உன் தொழிலும் அப்படி என்று கல்யாணமான புதிதில் நான் வைத்த பெயர். உனக்கு ஆயிரம் பெயர் வைக்கத் தெரிந்த எனக்குப் பிள்ளைக்கு ஒன்று வைக்கத் தெரியவில்லை. கோபம் வந்தால் இந்த வரியைக் கிழித்துவிட்டு மேலே படி.

முதலில் நல்ல செய்தி. கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன், பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், முப்பதுக்குள் வந்துவிடும். நின்றபடி போட்டதால் கடைசி எழுத்து கொஞ்சம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஏதாவது கேட்டால், அவர் கையெழுத்தே அப்படித்தான் என்று சொல்லிவிடு.

எப்படிப் போட்டேன் என்று சொல்கிறேன். பதினோராம் அதிகாரம் உள்ள வட்டு சனிக்கிழமை வாசகர்களுக்குப் போயிற்று. ஞாயிறு முழுக்க ஒருவர் அதைக் கேட்டிருக்கிறார். ஒரு மருத்துவமனையில் தொலைபேசி எடுத்து இணைப்புக் கொடுக்கிறவர், பிறவியிலேயே பார்வை இல்லை. இன்று காலை நூலகத்துக்குப் போன் பண்ணி, படித்தவரிடமே பேச வேண்டும் என்று நின்றிருக்கிறார். நான் எடுத்தேன்.

"சார், வட்டுல ஒரு இடத்துல பதினேழு செகண்ட் சத்தமே இல்ல. முதல்ல மெஷின் கோளாறுன்னு நெனச்சேன்" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. எங்கள் நூலகத்தில் மூன்று செகண்டுக்கு மேல் மௌனம் இருந்தால் வெட்டியாக வேண்டும் என்பது விதி. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே, "இல்ல சார், திரும்பத் திரும்பக் கேட்டேன். ஆள் உள்ளேதான் இருக்காரு. மூச்சு கேக்குது. நாற்காலி ஒரு தடவை அசையுது. யாரோ வர்றதுக்காகக் காத்திட்டிருக்கிற மாதிரி இருந்தது. எனக்கு வேலையே காதால பார்க்கிறது, அதனால கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க வந்தாங்களா?" என்றார்.

"இல்லீங்க. நான்தான் போயிருக்கணும்" என்றேன். அவர், "சரி சார், மத்தவங்க லைன்ல இருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கத்தரியிடம் போய், ஏன் வெட்டவில்லை என்று கேட்டேன். நீங்க தட்டலையே சார் என்றார். தட்டாவிட்டால் என்ன, பதினேழு செகண்ட் கண்ணுக்குத் தெரியாதா என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு, "வெட்ட மனசு வரல. மொத்தப் புத்தகத்துலயும் அந்த ஒரு இடத்துலதான் நீங்க ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இல்ல" என்றார். நேற்று வந்தவர் என்று உனக்கு எழுதினேன் அல்லவா, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேராக வட்டார அலுவலகத்துக்குப் போனேன். ஏன் என்று நீயே ஊகித்திருப்பாய். மக்கள் தொகைக் கணக்கெடுக்க அன்றைக்கு ஒரு பெண் பலகையும் பேனாவுமாக வந்தாளே. நீ அடுப்படியில் இருந்தாய். வீட்டில் எத்தனை பேர் என்றாள், இரண்டு என்றேன். பிள்ளைகள் எத்தனை சார் என்றாள், இல்லை என்றேன். பெட்டி மேல் உட்கார்ந்திருந்த பிள்ளை, பள்ளிக்கூடத்தில் கையைத் தூக்குகிற மாதிரி ஒரு கையைத் தூக்கி, "நான் இருக்கேன்ல?" என்று கேட்டது. அந்தப் பெண்ணின் பேனா நின்றுவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான், "அதை எழுத வேண்டாம்" என்றேன். நீ கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றதை அப்புறம்தான் பார்த்தேன். பிள்ளை தூக்கிய கையை இறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தது. மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது கூடத்தில் பெட்டி இல்லை.

அலுவலகத்தில் இருந்த குமாஸ்தாவிடம், இரண்டு வருஷத்துக்கு முன் என் வீட்டுக் கணக்கில் ஒரு பிள்ளை விட்டுப்போயிற்று, சேர்க்க வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதெல்லாம் மூட்டை கட்டி அனுப்பியாச்சே சார். அடுத்த கணக்கெடுப்புல சொல்லுங்க" என்றார். அடுத்தது எப்போது என்றேன். பத்து வருஷத்துக்கு ஒரு தடவைதானே என்றார். அதற்குள் அவளுக்குப் பதினான்கு வயது ஆகிவிடும் என்றேன். "அப்போ பெரிய பொண்ணா வந்து அவங்களே சொல்லிடுவாங்க, கவலைப்படாதீங்க" என்று சிரித்தார். நல்ல மனிதர். அவர் மேஜையில் இருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, பையில் கொண்டுபோயிருந்த விண்ணப்பத்தில் அங்கே நின்றபடியேதான் கையெழுத்துப் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து இரண்டு தெரு வந்துவிட்டேன்.

ஊசி, ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். இந்தத் தீர்க்கதரிசிகள் எல்லாரையும் படித்ததில், கடவுள் பெரும் கோபக்காரர். கத்துகிறார், சபிக்கிறார், வீட்டை விட்டுப் போ என்கிறார். அடுத்த வரியில் அவரே, உன்னை எப்படி விடுவேன் என்று நிற்கிறார். நான் அவர் கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையும் கத்தாமல் பெட்டியாகக் கூடத்தில் வைத்துவிட்டு, அவர் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் வந்து கையைப் பிடித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அதை உன்னிடம் ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பிடித்திருந்தது.

நீ ஏழு மாதம் வாக்குத் தவறினாய். அதை மறைக்காமல் வாசலில் நின்று சொன்னாய். நான் "உள்ளே வா" என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தேன். நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட உன்னை உள்ளே விடவில்லை. இதில் துரோகம் பண்ணினவர் யார் என்று கேட்டால் இப்போது நான் கையைத் தூக்க வேண்டும்.

திரும்பி வா என்று நான் எழுதவில்லை. அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ இனி எந்த வாசலிலும் நிற்க வேண்டாம். அங்கே உனக்கு வேலை இருக்கிறது, விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் "தையல் பிரிவு மேற்பார்வை" என்று எழுதியிருந்தாய், படித்துப் பெருமைப்பட்டேன். நீ வரச் சொன்னால் நான் வருகிறேன். யாரையும் அனுப்ப மாட்டேன், நானே வருகிறேன். பள்ளி திறக்கிற அன்று வெளி வாசல் பக்கமாக நின்றுவிட்டுத் திரும்பிவிடச் சொன்னாலும் சரி. வர வேண்டாம் என்றால் அதையும் அதே ஐந்து வார்த்தையில் எழுதிவிடு, படித்துக்கொள்கிறேன்.

இன்று மாலை மறுபடி நூலகத்துக்குப் போனேன். கத்தரி கிளம்பிவிட்டார், அறை காலியாக இருந்தது. மைக்கை அணைத்துவிட்டு, நீ பிறப்புப் பதிவேட்டில் எழுதிய அவள் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். முதல் முறை தப்பாக வந்தது. பென்சிலால் மேஜையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு முதலிலிருந்து சொன்னேன். ஆறேழு தடவைக்குப் பிறகு பரவாயில்லை. முட்டை அட்டைச் சுவர் எதையும் திருப்பிச் சொல்லாது, அதனால் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

விண்ணப்பத்தில் வீட்டில் அழைக்கும் பெயர் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. அந்தத் தீர்க்கதரிசி தன் பிள்ளைகளைக் கேட்காமல் பெயர் வைத்தான், நான் வைக்காமலே கெடுத்தேன். அதனால் நீ அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, உன்னை ஒருத்தர் எப்படிக் கூப்பிடலாம் என்று கேள். யார் என்று அவள் கேட்டால், ஒரு தடவை முழங்காலைப் பிடித்தாயே, அவர் என்று சொல். அவள் என்ன சொல்கிறாளோ அதை உன் கையாலேயே அந்தக் கட்டத்தில் எழுதிப் பள்ளியில் கொடுத்துவிடு.

எனக்கும் அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி அனுப்பு, ஊசி. நான் சொல்லிப் பழக வேண்டும்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

ரேடியோ